கண்ணாடித் தொட்டிக்கு வண்டல் மண்

செல்லப்பாண்டி சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதென்று தீர்மானித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கோரிக்கை ஒன்றே ஒன்று. ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊரின் கண்மாய் முப்பது வருடமாகத் தூர்ந்து கிடந்தது. நல்ல மழை பெய்த வருடத்தில்கூட மாட்டுக்கு முழங்கால்தான் நனையும். அதைத் தூர்வார வேண்டும். இல்லையேல் அடுத்த மாதம் இருபதாம் தேதி காலை பத்து மணிக்குக் கண்மாய்க் கரையில் பந்தல், பந்தலில் பாய், பாயில் செல்லப்பாண்டி. அரசுக்கு முப்பத்தைந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார். அது அரசுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தார். முப்பத்தெட்டு வருடப் போராட்ட வாழ்க்கையில் மறியல், முற்றுகை, கறுப்புக்கொடி எதையும் விட்டுவைக்கவில்லை. மண்ணெண்ணெய் கேட்டுப் போராடினார். அது வருவதற்குள் எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. தந்தி ஆபீஸ் கேட்டுப் போராடினார்; தந்தியே ஒழிந்துவிட்டது. ஒன்றிலாவது ஜெயித்தீர்களா என்று யாராவது கேட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும். அறுபத்திரண்டு வயதில் மிச்சமிருந்த ஆசை இது ஒன்றுதான். இந்தக் கண்மாயிலாவது ஜெயிக்க வேண்டும்.

இடையில் நின்றது சர்க்கரை. காலைப் பலகாரம் ஒரு மணி நேரம் தள்ளினாலே கண் இருட்டிவிடும், பட்டினி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று நாகஜோதியைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொல்லியிருந்தார். செல்லப்பாண்டி அதை மருத்துவத் துறையின் அடக்குமுறை என்று எடுத்துக்கொண்டார்.

நாகஜோதி அவருடைய மனைவி. உண்ணாவிரதத்துக்கு அடித்த துண்டுப் பிரசுரத்தை அவளிடம் நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டாமல் நிதானமாகப் படித்தாள்.

"எத்தன நாளு இருப்பீக?"

"அதேன் போட்டிருக்கே. சாகும்வரை."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் புளியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

செல்லப்பாண்டிக்குத் திக்கென்றது. அவள் கத்துவாள், அழுவாள், அண்ணன்மாரைக் கூட்டி வருவாள் என்று எதிர்பார்த்து ஐந்து பதில் தயார்செய்து வைத்திருந்தார். ஐந்தும் வீணாகிவிட்டது. 'சரி' என்ற சொல்லை அவர் அறிவார். எத்தனையோ அதிகாரிகள் அவரிடம் 'சரி' என்றிருக்கிறார்கள். எதிரி திட்டினால் பயமில்லை. சம்மதித்தால்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து மனைவியைக் கண்காணிக்கத் தொடங்கினார்.

நாலாம் நாள் ஒரு லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இறங்கியது. கூடவே ஒரு விளக்கு, ஒரு இரும்பு மேசை, ஈரத்துணியில் சுற்றிய செடிக் கட்டுகள்.

"என்னாத்தா இது?"

"மீன் தொட்டிங்க. தண்ணிக்குள்ள செடி வளத்து அதுக்குள்ள மீன் விடுறது. கம்பத்துக் கடையில சொல்லி வச்சிருந்தேன்."

"இப்ப எதுக்கு?"

"நீங்க போயிட்டா எனக்குன்னு பாக்க ஒரு உசுரு வேணும்ல."

"பந்தலுக்குப் போறதச் சொல்றியா, மேல போறதச் சொல்றியா?"

"உங்க ஒடம்புக்கு ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸுதேங்க."

செல்லப்பாண்டி செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் ஓரம் வழியாகப் பார்த்தார். அவள் மேசையின் மேல் தெர்மாகோல் அட்டையைப் போட்டு, அதன்மேல் தொட்டியை ஏற்றினாள். அடியில் இரண்டு விரற்கடைக் கனத்துக்குக் கறுப்பு மண்ணைப் பரப்பினாள். அதன்மேல் கழுவிய பொடிக் கற்கள். பிறகு ஒரு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்து, மண் கலங்காமல் தட்டின்மேல் தண்ணீரை ஊற்றினாள். செடிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் நட்டாள். நீளநீளமாக நாடா போல ஒன்று. வாள் போல அகல இலையில் ஒன்று. ஒரு கட்டையில் நூலால் கட்டிய பாசி. வேலை முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"மீனு எங்க?"

"இப்ப விடக் கூடாது. தொட்டி மொதல்ல சைக்கிள் ஆகணும்."

செல்லப்பாண்டி ஏழு சைக்கிள் பேரணிகளுக்குத் தலைமை தாங்கியவர். தொட்டி எப்படி சைக்கிள் ஆகும் என்று கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். மீன் கழிக்கிற அழுக்கு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்ன ஒருவகைக் கிருமி வேண்டும். அது விட்டதைத் தின்ன இன்னொரு கிருமி. அது விட்டதைச் செடி தின்னும். இந்தச் சுற்று சரியாக ஓடத் தொடங்க ஒரு மாதம் ஆகும்.

ஒரு மாதம். செல்லப்பாண்டி விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பதாம் தேதி வாக்கில் வந்து நின்றது. இருபதாம் தேதி உண்ணாவிரதம். சதி அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பத்தொன்பதாம் தேதி மீனை விடுவாள். இருபதாம் தேதி காலையில், எனக்கு இதைப் பார்க்கத் தெரியாது, நீங்கள் போனால் மீனெல்லாம் செத்துப்போகும் என்று கண்ணைக் கசக்குவாள். ஒரு உயிருக்காக ஊரை விடுவதா என்று அவர் திண்டாட வேண்டும். இதுதானே திட்டம்?

உடனே இரண்டாவது தீர்மானம் நிறைவேறியது. தொட்டியைப் புறக்கணிப்பது. பார்ப்பதில்லை, தொடுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதில்லை.

புறக்கணிப்பு மறுநாள் காலை வரை நீடித்தது. கொல்லையில் கால் கழுவப் போனபோது மிச்ச மண் ஒரு கூடையில் இருந்தது. ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியாதா? கண்மாய் வண்டல்.

"எங்கன எடுத்த?"

"கண்மாயிலதேன். ரெண்டு கூட. கடைக்காரத் தம்பி வினோத்ராஜ்தேன் சொன்னாப்புல, செடிக்கு வண்டலப் போல வராதுன்னு."

செல்லப்பாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். 'கண்மாய்க் காவலர் வீட்டிலே கண்மாய் மண்' என்று எதிரிகள் அடிக்கப்போகும் பிரசுரம் கண்முன் வந்தது. எழுத்துரு கூடத் தெரிந்தது. அனுமதி இல்லாமல் ஒரு கூடை எடுத்தாலும் திருட்டுத்தான் என்று முழங்கியவர் அவர். இவள் வேண்டுமென்றே செய்தாளா? முகத்தைப் பார்த்தார். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அவரைக்காய் தவிர ஒன்றும் இல்லை.

திரும்பக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். செடியை நட்டாகிவிட்டது, இப்போது கிளறினால் தொட்டி முழுக்கச் சேறாகிவிடும் என்றாள். பிறகு, காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அனுமதி வாங்கிட்டா குத்தமில்லைல?"

அந்தக் கேள்விக்கு அவர் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். விவசாய நிலத்துக்கு வண்டல் மண் எடுக்க இலவசமாகவே அனுமதி உண்டு. தாசில்தாருக்கு மனுக் கொடுக்க வேண்டும். நிலத்தின் சிட்டா நகல் வேண்டும். வி.ஏ.ஓ. பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் கண்ணாடித் தொட்டிக்கு மண் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

"எம்பேருல முக்கா ஏக்கரு கெடக்குல்ல. அதுக்குன்னு கேப்போம். அதுல ரெண்டு கூட தொட்டிக்கு. நீங்களே எழுதிக் குடுங்க. உங்க மாதிரி மனு எழுத இந்தத் தாலுகாவுல ஆளிருக்கா?"

எல்லாவற்றையும் சந்தேகப்படும் செல்லப்பாண்டி பாராட்டை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

மனு பதினொரு பக்கம் வந்தது. முதல் மூன்று பக்கத்தில் கண்மாயை வெட்டிய காலம். அடுத்த நாலில் வெள்ளைக்காரன். பிறகு உலக முதலாளித்துவம். பத்தாம் பக்கத்தில் வண்டல் மண் தலைகாட்டியது. பதினொன்றில் எச்சரிக்கை. நாகஜோதி முழுவதையும் படித்தாள்.

"நல்லாருக்கு. ஆனா இது பொம்பள குடுக்கிற மனுங்க. வெள்ளக்காரன நா எங்க பாத்தேன்? ஒரு பக்கத்துல எழுதுங்க."

அவர் மறுத்தார். அவள் விடவில்லை. வெள்ளைக்காரன் போனான். முதலாளித்துவம் போனது. எச்சரிக்கையும் போனது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: நிலம் சத்தில்லாமல் இருக்கிறது, கண்மாயில் வண்டல் மேடிட்டுக் கிடக்கிறது, எடுக்க அனுமதித்தால் நிலமும் விளையும், கண்மாயும் ஆழமாகும், அரசுக்குச் செலவில்லை. வாழ்நாளில் அவர் எழுதியவற்றில் மிகக் கேவலமான மனு என்று அவருக்குப் பட்டது. ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை.

பேரையும் சர்வே நம்பரையும் எழுதப் போனார். கோடு மட்டும் போட்டு விடுங்க, பத்திரத்தைப் பார்த்து நானே நிரப்பிக்கொள்கிறேன் என்றாள். விட்டார்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் நாகஜோதி கம்பத்துக்குப் போகத் தொடங்கினாள். கேட்டால் செடி வாங்க என்பாள். போகும்போது கையில் ஒரு கட்டைப்பை. வரும்போது அதிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் வெளியே வரும். பொட்டலத்தில் நாலு இலை. நாலு இலைக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு? ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிக் கம்பத்துக்கே போய்விட்டார். மீன் கடையில் பாறை பொம்மைகளும் கோட்டை பொம்மைகளும் அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் பதுங்கினார். நாகஜோதி அங்கேதான் நின்றாள். உண்மையாகவே செடிதான் வாங்கினாள். கடைக்கார வினோத்ராஜ் வந்து, என்ன சார் வேணும் என்று கேட்கவும், செல்லப்பாண்டி கையில் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் தவளையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். காலை பத்து மணிக்குக் கிளம்பியவள் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கடையில் இருந்தாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சந்தேகம் தப்பாகிவிட்டதே என்ற ஏமாற்றத்தில் இருந்தார்.

வீட்டில் தொட்டிக்கு உடம்பு சரியில்லை. செடிகளின் இலைகள் கரைந்து கூழாகி மிதந்தன. அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. சதி தானாகவே அழுகுகிறது. ஆனால் பழைய இலை விழுந்த இடத்தில் பச்சை ஊசி போல ஒரு குருத்து வந்தது. மறுநாள் இரண்டு. புறக்கணிப்பில் இருப்பதால் நேராகப் பார்க்காமல், பக்கத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்த வாரம் முழுவதும் அவருக்கு நாள் கிழமை எல்லாம் அத்துப்படியாக இருந்தது.

பிறகு கண்ணாடியில் வழுவழுவென்று பச்சைப் பாசி படர்ந்தது. நாகஜோதி துடைத்தாள். மறுபடி படர்ந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வெளக்குப் போடுற?" என்று அவர் கேட்டார். கேட்ட பிறகுதான் புறக்கணிப்பு ஞாபகம் வந்தது.

"காலையில பல்லு வெளக்கும்போது போடுவேன். படுக்கப்போறப்ப அமத்துவேன்."

செல்லப்பாண்டிக்கு ரத்தம் கொதித்தது. பதினைந்து மணி நேரம். செடியானாலும் உழைப்பாளிதானே. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் எரியக் கூடாது என்று உத்தரவிட்டு, சுவிட்சைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் பாசி அடங்கியது. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை அவர் கையால் நிறைவேறிய ஒரே இடம் அந்தத் தொட்டிதான்.

"இம்புட்டு விசயம் உங்களுக்கு எப்பிடித் தெரியுது?" என்றாள் நாகஜோதி.

இங்கேதான் அவருக்கு ஒரு எதிர்த் திட்டம் உதித்தது. தொட்டியைப் புறக்கணித்தால் அவள் கடைசி நாளில் அழுவாள். மாறாக, தொட்டியைத் தானே எடுத்துச் செம்மைப்படுத்தி, விளக்குக்கு நேரம் வைக்கும் கருவியை மாட்டி, தண்ணீர் மாற்றுவதற்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால்? தொட்டி தானாக ஓடும். அழுவதற்குக் காரணமே இருக்காது. சதியை அதன் கூட்டுக்குள்ளேயே போய் முறியடிப்பது. அன்றிலிருந்து பிரசுரம் விநியோகிக்கப் போகவில்லை. கூட்டம் போடவில்லை. அவர் தலைவராக இருந்த பேரியக்கத்தின் செயலாளரும் அடுத்த வீட்டுக்காரருமான சங்கரலிங்கம் இரண்டு தரம் வந்து வாசலில் நின்று பார்த்தார். தலைவர் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, கட்டையில் கட்டிய பாசியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். சங்கரலிங்கம் திராட்சைத் தோட்டக்காரர். அவர் அடுப்படிப் பக்கம் போய் நாகஜோதியிடம் ஏதோ ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன காகிதம் என்றார் செல்லப்பாண்டி. சிட்டாவின் நகல் என்றாள். நம்முடையதா என்றார். எல்லாம் மண்ணுக்குத்தான் என்றாள். அந்த நேரம் பாசி கொத்தாகக் கழன்று மிதந்தது. அதைப் பிடிக்கப் போய்விட்டார்.

பத்தொன்பதாம் தேதி மீன் வந்தது. எட்டு கப்பி மீன்கள் புதுச் செடிக்குள் வாலை விரித்துக்கொண்டு திரிந்தன. செல்லப்பாண்டி அழுகைக்காகக் காத்திருந்தார். அவள் அழவில்லை. அவருடைய பாயைத் தட்டி வெயிலில் காயப்போட்டாள்.

"வாரத்துல ஒருநா இரையே போடாம விடணுமாம். அப்பத்தேன் தெம்பா இருக்குமாம்" என்றாள்.

"யாருக்குச் சொல்ற?"

"மீனுக்குங்க."

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஏழு இட்லி வைத்தாள். உண்ணாவிரதம் பத்து மணிக்குத்தான் என்பதால் கொள்கைக்கு விரோதமில்லை என்று சாப்பிட்டார். அவள் அவருக்கு முன்பாகவே கிளம்பிப் போயிருந்தாள். பாயையும் கொடியையும் எடுத்துக்கொண்டு, எதிரியின் கடைசி அடி எங்கிருந்து வருமோ என்று இருபக்கமும் பார்த்தபடியே கண்மாய்க்கு நடந்தார்.

கரை ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூட்டம். கண்மாய்க்குள்ளும் கரை நெடுகவும் ஆட்கள். வரிசையாக நாற்பது, ஐம்பது டிராக்டர். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் பார்த்த பெரிய கூட்டம் பதினாறு பேர். அதிலும் ஐந்து பேர் போலீஸ். அவர் கண்ணில் நீர் முட்டியது. கடைசியில் மக்கள் எழுச்சி பெற்றேவிட்டார்கள். பாயை விரிக்கக்கூடத் தோன்றாமல், பந்தலுக்குள் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அணிதிரண்டு வந்திருக்கும் என் அருமை உழவர் பெருமக்களே" என்று ஆரம்பித்தார்.

கீழே மண் அள்ளும் இயந்திரம் உறுமியது. பெருமக்களில் ஒருவரும் திரும்பவில்லை. சங்கரலிங்கம் மட்டும் தன் டிராக்டரிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"தலைவரே, பந்தலக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போடணும். வண்டி திரும்ப எடம் பத்தல."

செல்லப்பாண்டிக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது. யாரைக் கேட்டு மண் அள்ளுகிறீர்கள், அனுமதி எங்கே என்றார். சங்கரலிங்கம் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இருபதாம் தேதியிலிருந்து வண்டல் எடுக்கலாம் என்ற உத்தரவு. அதோடு மனுவின் நகல். நிலம் சத்தில்லாமல் இருக்கிறது, கண்மாயில் வண்டல் மேடிட்டுக் கிடக்கிறது. வரிக்கு வரி செல்லப்பாண்டி தன் கையால் எழுதியது. கோடு போட்ட இடத்தில் மட்டும் வேறு மையில் சங்கரலிங்கத்தின் பெயர். இப்படி அறுபத்துநாலு பேருக்கு உத்தரவு வந்திருக்கிறது என்றார் அவர். எல்லாம் நாகஜோதி அக்கா ஒரே மனுவை நகல் எடுத்து, வீடு வீடாகப் பேர் நிரப்பி, திங்கட்கிழமை திங்கட்கிழமை பை நிறையக் கொண்டுபோய்க் கம்பம் போகிற வழியில் தாலுகா ஆபீஸில் இறங்கிக் கொடுத்தது. நாலு வாரத்தில் கண்மாய் இரண்டு ஆள் ஆழம் போய்விடும்.

நாகஜோதி கரையோரம் பூவரச நிழலில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த வரிசையில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டி பாயை அக்குளில் இடுக்கியபடி அவளிடம் போய் நின்றார். கண்மாய் ஆழமாகிக்கொண்டிருந்தது. கோரிக்கை நிறைவேறிவிட்டது. உண்ணாவிரதத்துக்குக் காரணமே இல்லை. அவர் ஜெயித்திருந்தார். ஆனால் ஜெயித்தது யாரென்றுதான் தெரியவில்லை.

"அப்ப அந்தத் தொட்டி?" என்றார்.

"தொட்டி இல்லாட்டி நீங்க ஒத்தப் பக்கத்துல மனு எழுதியிருப்பீகளா? இந்த ஒரு மாசம் அந்த ஆபீஸு வாசல்ல போயிக் கொடி பிடிக்காமத்தேன் இருந்திருப்பீகளா?"

இயந்திரம் ஒரு கை வண்டலை அள்ளிக் கொட்டியது. கறுப்பாக, ஈரமாக, நல்ல மண். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நானும் முப்பத்தெட்டு வருசமா அதே ஆபீஸுக்குத்தேன் எழுதுறேன். ஒத்தப் பக்கத்துலயும் எழுதிப் பாத்திருக்கேன், தந்தி மாதிரி. ஒருவாட்டி பதில் வந்ததில்ல. இது மட்டும் எப்பிடித்தா நடந்துச்சு?"

நாகஜோதி அடுத்த வண்டிக்குக் கை காட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"எழுத்தெல்லாம் உங்க எழுத்துத்தேங்க. அடியில கையெழுத்து உங்களது இல்ல. அதேன் படிச்சுப் பாத்திருக்காக."